கவுன்டரில் நின்றது நீ

மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா என்று சும்மா எழுதும் வரியை இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பகல் வண்டி போனதும், பிளாட்பாரம் கூட்டும் பெண் விளக்குமாறும் கையுமாக என் அறை வாசலில் வந்து நின்றாள். பெத்த பொண்ணுக்கே டிக்கெட் கொடுத்து அனுப்பிட்டீங்களே பெரியவரே, நாலு வருஷக் கோபம் இன்னும் ஆறலையா என்றாள். யார் பொண்ணு என்று கேட்டேன். நடிக்காதீங்க என்றாள். காலை வண்டியில் இறங்கி, கடலைப் பார்த்த பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாயாம். அப்பா உள்ளே இருக்காரா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் கவுன்டருக்கு வந்தாயாம். சாயங்கால வண்டிக்கு டிக்கெட் கேட்டவர்களுக்கு என்ன கொடுத்தேன் என்று இப்போதும் நினைவில்லை.

நம்பினால் நம்பு. உன்னை எனக்குத் தெரியவில்லை. உப்புக்காற்றும் மணலும் அரித்து, கவுன்டர் கண்ணாடியில் எல்லோரும் நிழலாகத்தான் தெரிகிறார்கள். மாற்றச் சொல்லி ஒன்பது மனு போட்டேன். கமிஷனுக்கு டிக்கெட் விற்கிறவன், பள்ளிக்கூடம் போகாதவன் எழுதியதுதானே என்று மூலையில் போட்டிருப்பார்கள். கீழே உள்ள சின்னத் திறப்பில் வரும் கைகளைத்தான் பார்த்து வேலை செய்கிறேன். அன்று கை எதுவும் நீளவில்லை. யாரோ பேசாமல் நிற்கிறார்களே என்று, எந்த ஊரும்மா, சீக்கிரம் சொல்லு, வண்டி வந்துடும் என்று அதட்டினேன். கொஞ்சம் பொறுத்து உன் ஊரைச் சொன்னாய். ஜலதோஷம் பிடித்த குரல் என்று நினைத்தேன். சில்லறை இல்லையா என்று வேறு சலித்துக்கொண்டேன்.

நீ டிக்கெட் வாங்க வரவில்லை. நான்தான் வாங்க வைத்திருக்கிறேன்.

நான் வேண்டுமென்றே செய்ததாக ஊரே பேசுகிறது. டீக்கடைக்காரர், உங்க வைராக்கியம் யாருக்கு வரும் என்று மெச்சுகிறார். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். அம்மாவை உன் வீட்டோடு வைத்துக்கொள்ள நீ கூட்டிக்கொண்டு போன அன்று, இனி என் முகத்தில் விழிக்காதீர்கள் என்றவன் நான்தான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கூட்டிப்போனது தப்பு என்று இன்றும் சொல்வேன். ஆனால் செவ்வாய்க்கிழமை நடந்தது என் கோபம் செய்த வேலை இல்லை. உன் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. அப்பா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

நாலு வருஷமாக வராதவள் எதற்கு வந்தாய்? உன் பழைய போன் நம்பரில் யாரோ எடுத்து ராங் நம்பர் என்கிறார்கள். அம்மாவுக்கு என்ன? எதைச் சொல்ல இரண்டு மணி நேரம் தைரியம் சேர்த்தாய்?

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் நான் வருகிறேன். மன்னிப்பு கேட்க வருவதாக நினைக்க வேண்டாம். வாசலில் நிற்கும்போது யார் வேணும் என்று மட்டும் கேட்டுவிடாதே.

அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வை. திட்டினால் திட்டட்டும். வாய் வலிக்கும்வரை திட்டும் தெம்போடு அவள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா