லாபம், ரெண்டு, மூணு

எடமலைப்பட்டி புதூர்,
ஆகஸ்ட் 3

அன்புள்ள மாமாவுக்கு வேணி எழுதுவது.

இங்கே மூவரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பார்ப்பவர்களிடம் எல்லாம் வாயைத் திறந்து காட்டுகிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அறையில் இருக்கும் மற்ற மூன்று பேர் காதிலும் விழும். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் அருள்ராஜ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

நேற்று நீங்கள் சொன்ன யோசனைக்கு என் பதில், முடியாது. 14-ஆம் தேதி வீடியோவில் ஆசிரியை உங்களைக் கேள்வி கேட்கும்போது, நீங்கள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார, நான் இன்னொரு போனில் பதில் சொல்லித் தர மாட்டேன். உங்களிடம் முடியாது என்ற வார்த்தையை நான் இதுவரை சொன்னதில்லை.

தப்பு என்னுடையதும்தான். டிகிரி இருந்தால் சூப்பர்வைசர் ஆக்குவதாக மேனேஜர் சொன்னார் என்று டிசம்பரில் இந்த ஆன்லைன் படிப்பில் சேர்ந்தீர்கள். அவரவர் வேகத்தில் படிக்கலாம், அவசரமில்லை என்றீர்கள். பத்தே நாளில், "நீதானே பகல்ல சும்மா இருக்க, நீயே என் பேர்ல லாகின் பண்ணி முடிச்சு வை" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். முதல் வருஷத்து நான்கு அறிவியல் பாடங்களில் மூன்றை எட்டு மாதத்தில் முடித்தது யார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். சமையலை முடித்துவிட்டு, பாப்பா ஸ்கூலிலிருந்து வருவதற்குள் படிப்பேன். முதலில் உங்களுக்காகத்தான் படித்தேன். அத்தையின் வெற்றிலைச் சுண்ணாம்பில் மஞ்சள்தூளைக் குழைத்து, அது ஏன் சிவக்கிறது என்று புரிந்த அன்றிலிருந்து எனக்காகப் படித்தேன். அத்தை இன்னமும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

ஏப்ரலில் ஒருநாள், நானும் என் பெயரில் சேரட்டுமா என்று கேட்டேன். "ஒரு வீட்டுக்கு ரெண்டு டிகிரி எதுக்கு" என்று சிரித்தீர்கள். நானும் கூடவே சிரித்தேன். அதற்காக என் மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது.

வினை வந்தது இயற்பியலில். ஊசல் ஆட்டி, பூமி எவ்வளவு வேகமாகப் பொருளை இழுக்கிறது என்று கணக்கிட வேண்டும். பாப்பாவுக்குத் தூளி கட்டிய கொக்கியில் கயிறு கட்டி, நம் வாசல் பூட்டைத் தொங்கவிட்டேன். இருபது ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். 9.8 வர வேண்டிய இடத்தில் எனக்கு 10.9 வந்தது. கயிற்றை மாற்றினேன், ஸ்டூலில் ஏறித் திரும்ப அளந்தேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. ஜீயபுரத்தில் எங்கள் அப்பா நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்றுதான் தொடங்குவார். அதே பழக்கத்தில் நானும் பூட்டைக் கையிலிருந்து விடும்போதே லாபம் என்று எண்ணியிருக்கிறேன். நெல்லில் மரக்கால் நிறைந்த பிறகுதானே லாபம்? இங்கே பூட்டு இன்னும் ஒரு தடவைகூடப் போய்வரவில்லை. பத்தொன்பது ஆட்டத்தை இருபது என்று கணக்குப் போட்டுவிட்டேன். பூஜ்யத்தில் தொடங்கி எண்ணியதும் 9.8 வந்தது. அன்று உங்களுக்கு போன் செய்தேன். ட்யூட்டியில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டீர்கள்.

முதலில் தப்பு வந்தால், தப்பாகச் செய்த வீடியோ, சரியாகச் செய்த வீடியோ இரண்டையும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கை மட்டும் தெரியும்படி எடுத்தேன், வளையலைக்கூடக் கழற்றி வைத்தேன். சரியான வீடியோவில் சத்தத்தை நீக்கிய நான், தப்பான வீடியோவில் மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஆசிரியை யமுனா ஸ்ரீரங்கத்திலிருந்து பேசினார். ஓடிபி வருவதற்காக என் நம்பரைத்தானே கொடுத்திருக்கிறோம்? வளவன் இருக்கிறாரா என்றார். வெளியே போயிருக்கிறார் என்றேன். பிறகு, "லாபம், ரெண்டு, மூணுன்னு எண்ணுறது நீங்கதானேம்மா?" என்று கேட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதைக்கூட அணைக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. 14-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு நீங்கள் வீடியோவில் வந்து, முதல் கணக்கு ஏன் தப்பியது என்று உங்கள் வாயால் விளக்க வேண்டுமாம். வேறொருவர் படித்தது தெரிந்தால் பதிவு ரத்து, மறுபடி சேரவே முடியாது. அதற்கு முன் நீங்களாக விலகினால் எந்தக் கறையும் இல்லை. பிறகு எப்போது வேண்டுமானாலும் முதலிலிருந்து தொடங்கலாம். போனை வைப்பதற்கு முன், இந்த மாதக் கடைசி வரை புதுச் சேர்க்கை இருக்கிறது என்றார். அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மேனேஜரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன், என் மானம் போய்விடும் என்று நேற்று சொன்னீர்கள். எனக்கும் உங்கள் மானம் பெரிது. அதனால்தான், காதில் ஒருத்தி சொல்லச் சொல்ல நீங்கள் வாயசைப்பதை அந்தம்மா பார்க்க வேண்டாம் என்கிறேன். இதோடு விலகல் கடிதத்தை வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு, படமெடுத்து 14-க்குள் அனுப்புங்கள். அனுப்பாவிட்டாலும் அந்த ஐந்து மணிக்கு என் போன் அணைந்துதான் இருக்கும்.

என் பெயரில் விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டேன். கணவர் கையெழுத்து கேட்டிருக்கிறார்களா என்று இரண்டு தடவை பார்த்தேன், கேட்கவில்லை. முடித்த மூன்று பாடங்களும் போய்விடும், மறுபடி சுண்ணாம்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். பரவாயில்லை.

மாமா, ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் பெட்டிப் பூட்டை ஒரு கயிற்றில் கட்டி, கட்டில் கம்பியில் தொங்கவிட்டு ஆட்டுங்கள். விடும்போது பூஜ்யம், போய்வந்த பிறகு ஒன்று. இருபது வரை எண்ணுங்கள். எண்ணும்போது என் குரல் உங்களுக்குக் கேட்டால், கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அப்படியே, "நீ படி வேணி" என்று ஒரே ஒரு தடவை போனில் சொல்லுங்கள். அறையில் இருக்கிற மூன்று பேரும் கேட்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதீர்கள்.

உங்கள் பதிலுக்காக போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
வேணி