நிற்க வைப்பது என் பொறுப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நான் சுகம். உன் அம்மா தேவைக்கு மேலேயே சுகம், இந்தக் கடிதத்துக்கு அதுதான் காரணம். போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே நின்றுகொண்டு, கூட்டிச் சொல்கிறார் கூட்டிச் சொல்கிறார் என்று போனைப் பிடுங்கிவிடுகிறாள், அதனால் அவள் வெளியே போன நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். முதலில் உனக்குப் பிடிக்காத செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் அறை இப்போது அறை இல்லை. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தியாயிற்று, நீ படித்த மேஜையில் இரும்பைப் பிடிக்கிற வைஸ் பூட்டியாயிற்று, அலமாரியில் உன் சால்வைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் டாங்க் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது உனக்கு ஹாலில் படுக்கை. சால்வையில் வாசனை வந்தால் என்னைக் கேட்காதே.

அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது பின்னல் ஊசியும் நூல்கண்டும் அனுப்பினாயே, அந்த நூலில் இப்போது ஒயர்களைக் கட்டுகிறாள். இத்தனை வருஷம் ஊரார் வாய்க்குப் பல் செட் செய்து கொடுத்த கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. போன கோடையில் கண் டாக்டரிடம் காத்திருந்தபோது ஒரு பத்திரிகையில் மோட்டார் சைக்கிள் புதிதாக வந்த காலத்துப் படம் ஒன்றைப் பார்த்தாள். பார்ப்பதற்குச் சைக்கிள்தான், நடுவில் சின்னதாக ஒரு எஞ்சின், மேல் கம்பிக்குக் கீழே சப்பையாக ஒரு டாங்க், பின்னால் வளைந்து நீண்ட ஹாண்டில்பார், தோல் சீட்டு, அதன் மேல் பெரிய மீசையோடு ஒருவர். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, இதை நாமே செய்ய முடியாதா என்றாள். அப்போதுதான் அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள், சரியாகத் தெரியாமல் பேசுகிறாள் என்று நானும் தலையை ஆட்டிவிட்டேன். அதுதான் நான் கொடுத்த சம்மதமாம்.

எஞ்சின் வந்தது, கனத்த பழைய சைக்கிள் ஒன்று வந்தது, அவள் அரத்தால் ராவின ராவலில் வீடெல்லாம் இரும்புத்தூள். நான் பெருக்கிக்கொண்டே இருந்தேன். ஆனால் நான் பார்த்த வேலை என்ன என்று உனக்குத் தெரியும். இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்துப் பிரிவு. உலகத்தில் எதன் மேல் மோத முடியுமோ அதன் மேலெல்லாம் யாரோ ஒருவர் மோதிவிட்டு என் மேஜைக்கு வந்திருக்கிறார். நின்றுகொண்டிருந்த ரோடு ரோலர் மேல் மோதியவரைக்கூட எனக்குத் தெரியும், அது திடீரென்று குறுக்கே வந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். ஆகவே ஒரே ஒரு கேள்வி கேட்டேன், இது எப்படி நிற்கும் என்று. படத்தில் இருக்கிற மாதிரி முன்னால் ஒன்றும் கிடையாது, பின்னால் மட்டும்தான் பிரேக், அப்போதுதான் முன் சக்கரம் பார்க்க லட்சணமாக இருக்கும் என்றாள். அந்தக் காலத்தில் அப்படித்தானே ஓட்டினார்கள் என்றாள். அப்படி ஓட்டினவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். அவள் ஸ்பானரைக் கூடக் கீழே வைக்காமல், "எல்லாரும் செத்துட்டாங்க. ஆனா பிரேக் இல்லாமதான் செத்தாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்றாள். அதற்கு அப்புறம் கொஞ்ச நாள் வீட்டில் உப்பு வேண்டுமா, கதவு சாத்தியாயிற்றா, இவ்வளவுதான் பேச்சு. கடைசியில் ஒரு ராஜி ஆயிற்று. ஓட வைப்பது அவள் பொறுப்பு, நிற்க வைப்பது என் பொறுப்பு, அழகு மட்டும் கெடக் கூடாது. ஆணி அடிக்கக்கூட ஆள் கூப்பிடுகிற நான் இப்படித்தான் பிரேக் இலாகாவுக்கு மந்திரி ஆனேன்.

சைக்கிள் கடைக்காரர் ரிம்மைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர் கட்டை போதும் என்றார். பஞ்சர் பார்க்க வைத்திருந்த வாளியிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி ரிம் மேல் ஊற்றிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிடித்துப் பார்த்தேன், கட்டை வழுக்கிக்கொண்டு போயிற்று. மழையில் எப்படி நிற்கும் என்றேன். மழையில் அந்த அம்மா எதுக்கு சார் வெளியே வர்றாங்க என்று கேட்டார், உன் அம்மாவைத் தெரியாதவர். டிஸ்க் பிரேக் என்று ஓட்டை ஓட்டையாக ஒரு தகடு வாங்கி வந்து காட்டினேன், புதுப் பணக்காரன் வாயில் தங்கப்பல் மாதிரி இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள். பின் சக்கரத்துக்குப் பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற ஹப், அதாவது சக்கரத்தின் நடுக் குடம், ஒன்று அமைந்தது, வெளியே கம்பியோ ஒயரோ தெரியாததால் அவளுக்கும் திருப்தி. ஆனால் செயின் கழன்றால் அந்தப் பிரேக்கும் போய்விடும், செயின் கழன்றவர்களை எல்லாம் நான் ஆபீசில் கட்டுக்கட்டாகப் பார்த்தவன். முன்னாலும் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று அலைந்து, பழைய இரும்புக் கடையில் ஆயுள் முடிந்த ஒரு மொபெட்டின் முன் ஹப்பைக் கண்டுபிடித்தேன். சின்ன சட்டி அளவு டிரம், உள்ளே இரண்டு கட்டைகள் விரிந்து பிடிக்கும், மழைத் தண்ணீர் சுலபத்தில் உள்ளே போகாது. அம்மா அதைக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், நேராகப் பல் செட்டுக்கு மெருகு போடுகிற மெஷினில் வைத்தாள். சாயங்காலம் அதில் நான் முகம் பார்த்துத் தலை சீவினேன். அதன் ஓட்டைகள் சைக்கிள் ஸ்போக்குக்குப் பெரிதாக இருந்ததால் தடித்த ஸ்போக்காகத் தேடி வாங்கி, ரிம்மின் துளைகளையும் பெரிதாக்கி, சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இரண்டு பேரும் கோத்தோம். ஒன்று மாறிப்போனால் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தோம். யார் மாற்றிக் கோத்தது என்று இன்றுவரை முடிவாகவில்லை. சக்கரத்தின் கோணல் நிமிர, அம்மா ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டதில் எனக்கே பல் கூசியது.

வண்டி தயாரானதும், பிரேக் என் பொறுப்பு, முதலில் நான்தான் ஏறுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். எஞ்சின் வேண்டாம், நம் தெருச் சரிவில் சும்மா இறங்கி நிறுத்திக் காட்டுகிறேன் என்றேன். ஹெல்மெட், முழங்காலுக்குத் துணி, எல்லாம் கட்டிக்கொண்டேன், எதிர் வீட்டுக்காரர் எங்கே சார் சண்டைக்கா என்று கேட்டார். வண்டி நன்றாக இறங்கியது, கொஞ்சம் அளவுக்கு மேலேயே நன்றாக இறங்கியது. முன் பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் நிற்பதற்குப் பதிலாக, டிரம்மை மூடியிருக்கிற தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிட்டது, பிரேக் ஒயர் ஹப்பைச் சுற்றிக்கொண்டு பட்டென்று அறுந்தது. பின் பிரேக் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று, இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு போகிறேன். பின்னாலிருந்து அம்மா, "பின்பக்கம் மிதிங்க, பின்பக்கம்" என்று கத்திக்கொண்டே ஓடி வருகிறாள். மிதித்தேன். அது பிடித்தது, ஆனால் நிதானமாகத்தான் பிடித்தது, சரிவின் அடியில் இருக்கிற சலவைக் கடைக்குள்ளே போய், காயப் போட்டிருந்த படுக்கை விரிப்புகளைத் தாண்டி, கல்லா மேஜைக்கு முன்னால் நின்றேன். தலையில் ஒரு விரிப்போடு. சலவைக் கடைக்காரர் ரொம்ப மரியாதையானவர். "துவைக்கணுமா சார், இஸ்திரி மட்டும் போதுமா?" என்று கேட்டார். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை, நீ பயப்படாதே.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. விரிப்பை என் தலையிலிருந்து எடுத்து மடிக்காமலே கடைக்காரரிடம் கொடுத்தாள். வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், துணி போட்டு மூடி, உன் அறைக் கதவைச் சாத்தினாள், இனிமேல் வேண்டாம் என்றாள். உனக்கு இதுதானே வேண்டியது அப்பா என்று நீ கேட்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன், அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். அப்புறம் பார்த்தால் அவள் குழாயைத் துடைக்கிறாள், துடைத்த குழாயையே மறுபடி துடைக்கிறாள், வேறு வேலை இல்லாத மாதிரி ஜன்னலில் போய் நிற்கிறாள். ராவுகிற சத்தம் இல்லாத வீட்டில் என்னால் பேப்பர் படிக்க முடியவில்லை. ஒரு நாள் காய்கறிக் கடை வாசலில் நின்ற ஒரு மொபெட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இதற்கு மட்டும் தட்டு ஏன் சுற்றவில்லை என்று பார்த்தேன். தட்டையும் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கையும் சேர்த்து ஒரு இரும்புப் பட்டை பிடித்திருந்தது. நான் அதைப் போடவே இல்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் வந்து என்ன பார்க்கிறீர்கள் என்றார், பிரேக் பார்க்கிறேன் என்றேன், அவர் நம்பினதாகத் தெரியவில்லை, தெரு முனை வரை என் பின்னாலேயே வந்தார். வெல்டிங் பட்டறையில் அதே மாதிரி பட்டை அடித்து வாங்கி, அவள் கடைக்குப் போன நேரத்தில் நானே பூட்டி, புது ஒயர் கோத்து, சரிவில் இறங்கி இறங்கிப் பார்த்தேன். நினைத்த இடத்தில் நின்றது.

வந்ததும் அவளிடம், "நீ ஓட்டு. நான் கீழ நிக்கிறேன், நேரா என்கிட்ட வந்து நிறுத்து" என்றேன். நகர்ந்து நில்லுங்கள், விளையாடாதீர்கள் என்றாள். நான் போட்ட பிரேக், நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சரிவின் அடியில் நடுத்தெருவில் போய் நின்றேன். மேலே எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஹெல்மெட்டுக்குக் கீழே அவள் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது, அதில் இருந்த சந்தோஷத்துக்கு முன்னால் அந்தப் படத்து மீசைக்காரர் சந்தோஷமெல்லாம் ஒன்றுமே இல்லை. என் ஆபீஸ் வாழ்க்கை முழுவதும் கண்ணுக்குள் ஓடியது. ஆனால் நான் நகரவில்லை மகளே. கண்ணைத் திறந்து பார்த்தபோது முன் சக்கரம் என் செருப்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஏன் கண்ணை மூடினீர்கள் என்றாள். தூசி என்றேன். அவள் நம்பவில்லை, ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இப்போது இதை எழுதுகிற நேரத்தில் அவள் வண்டியில்தான் வெளியே போயிருக்கிறாள், நான் ஜன்னல் பக்கம் பார்க்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, மனசு நிறைந்து இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதம். குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளையின் காரில் பிரேக் போட்டால் எலி மாதிரி ஒரு சத்தம் வருகிறது என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய், நான் சிரிக்கவில்லை. இந்த வாரமே பட்டறையில் காட்டிவிட்டு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி விடாமல் எனக்கு எழுது.

என்றும் உன் நினைவில்,
அப்பா