தண்ணீர் குடித்தவர்களுக்குத்தான் வீடு

பெரம்பலூர்,
திங்கள் காலை.

அன்பு மகன் தமிழ்மாறனுக்கு அம்மா எழுதுவது. மூட்டு வலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மெல்போர்ன் குளிரில் நீயும் மருமகள் வெற்றிச்செல்வியும் பேத்தி கவியாவும் சுகமாக இருக்க வேண்டும். நேற்று நடந்ததை புரோக்கர் மகேஷ் உனக்குப் போன் போட்டுப் புலம்பியிருப்பான். நான் போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா விடும்மா என்பாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

வீட்டை விற்க நான்தான் சம்மதித்தேன், உன்னோடு வந்து இருக்கிறேன் என்றதிலும் மாற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டைத் திறந்து வைத்தால் எல்லோரும் ஒரே நாளில் வந்து பார்த்துவிடுவார்கள், மெல்போர்னில் அப்படித்தான் விற்கிறார்கள் என்று நீ சொன்னதற்கும் தலையாட்டினேன். மகேஷும் ஓபன் ஹவுஸ் என்று கேட்டில் பேனர் கட்டினான். சனிக்கிழமை ஹாலில் நின்று சுற்றிப் பார்த்தவன், "யம்மா, நாளைக்கு ஒரு நாளு அந்தப் படத்த மட்டும் எடுத்து பீரோல வச்சிடுங்க, நீங்களும் குன்னத்துல தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டு சாயந்திரமா வாங்க" என்றான். உன் அப்பா படம் இருக்கலாமாம், காலண்டர் இருக்கலாமாம், அம்பேத்கர் படம் மட்டும் கூடாதாம். உன்னைக் கேட்டால் நீயும், இங்கே எல்லோரும் சொந்தப் படங்களை எடுத்துவிட்டுத்தான் வீட்டைக் காட்டுவார்கள், வாங்குகிறவர்கள் தங்கள் வீடாக நினைத்துப் பார்க்க வேண்டுமே என்கிறாய். அங்கே அதற்காக எடுக்கலாம். மகேஷ் எதற்கு எடுக்கச் சொன்னான் என்று உனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னாயே, அதுதான் எனக்கு வலித்தது. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை நிரந்தரமான அன்றைக்கு உன் அப்பா வாங்கி, கூட்ட பஸ்ஸில் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்த படம் அது. நான் எடுக்கவில்லை, குன்னத்துக்கும் போகவில்லை.

பத்து மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு, பானைத் தண்ணீரும் எவர்சில்வர் டம்ளர்களுமாக உட்கார்ந்துவிட்டேன். முதலில் அரியலூரிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. சமையலறை பிடித்தது, கிணறு பிடித்தது, மாடியும் பிடித்தது. கடைசியாக ஹாலில் படத்தைப் பார்த்ததும் கணவர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். நான் தண்ணீர் நீட்டினேன், இப்பதான் குடிச்சிட்டு வந்தோம் என்றாள் அந்த மனைவி. உதடு காய்ந்து நின்ற பிள்ளைக்குக்கூட வேண்டாம் என்றுவிட்டாள். கேட் பக்கம் போய் அந்த ஆள் மகேஷிடம், "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றது என் காதில் விழுந்தது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப் போட்டவள் நான், தட்டில் சோறு இருக்கப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனவர்களை எல்லாம் பார்த்தவள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நாற்காலியையும் பானையையும் கேட்டுக்கே கொண்டுபோய் உட்கார்ந்தேன். இனி தண்ணீர் குடித்தவர்கள் உள்ளே போய்ப் பார்க்கட்டும், குடிக்காதவர்களுக்கு இந்த வீட்டில் பார்க்க ஒன்றுமில்லை என்று மகேஷிடம் சொல்லிவிட்டேன். படம் தெரியட்டும் என்று கதவையும் அகலத் திறந்து வைத்தேன். நான்கு பேர் வந்த வழியே திரும்பினார்கள், போகட்டும்.

மதியம் அம்பிகா என்று ஒரு நர்ஸ், கைக்குழந்தையோடு பஸ்ஸில் இறங்கி நடந்தே வந்தாள். நான் நீட்டும் முன்பே, "அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டாள். குடித்து, குழந்தைக்கும் புகட்டி, "இது கெணத்துத் தண்ணியா, நல்லா இருக்கே" என்றாள். அவள் யார் என்ன என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மகேஷ் சொன்ன விலையைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்டாள். நான் சம்மதித்துவிட்டேன். வீடு என் பெயரில்தான் இருக்கிறது, நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கவியாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல், வேலை வேலை என்று நீயும் சாப்பிடாமல் கிடக்காதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நிமிர்ந்து வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய். படத்தைச் சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருகிறேன், நீ அங்கே வாங்கப்போகும் வீட்டின் ஹாலில் வாசலுக்கு நேராக ஆணி அடித்து வை. நாளைக்கு நீ அந்த வீட்டை விற்கத் திறந்து வைக்கிற அன்றைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
படத்தை எடுக்காத உன் அம்மா,
அ. குஞ்சம்மாள்.