கிளாரினெட் வகுப்பு கைமாறிய நாள்

12-8-1994, வெள்ளி.

எங்கள் இராணுவ இசைப்பள்ளி பாளையங்கோட்டையை விட்டு ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. பதினாறு வருடம் கிளாரினெட் சொல்லிக்கொடுத்தவன் நான். இன்று அதிகாரி என்னை வாத்தியக் கிடங்குக்கு மாற்றிவிட்டார். எனக்கு அடுத்த ஆசிரியன் சாமுவேல்தான் காரணம். எனக்குக் காது மந்தம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறான். இனி என் வகுப்பு அவனுக்கு.

சாயங்காலம் அவனை வாசலில் மறித்தேன்.

"ஏலே, எங்கிட்டல்லா மொதல்ல சொல்லியிருக்கணும்?"

"மூணு தடவை சொன்னேன் அண்ணாச்சி. உம்ம இடது காதுப் பக்கம் நின்னுதான் சொன்னேன். உமக்குக் கேக்கலை."

வழியை விட்டு விலகி வந்துவிட்டேன். அவன் சொன்னது பொய்யாக இருந்தால் அங்கேயே அறைந்திருப்பேன். உண்மை என்பதால்தான் இந்த ஜென்மத்தில் அவனை மன்னிக்க மாட்டேன்.