தாரை வார்க்க நிற்க வேண்டியவர்

கொடிகாமம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் செந்தூரனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் வினோஜாவும் சுகபலத்தோடு இருக்கப் பிள்ளையாரை மன்றாடுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்த முறை அது பேனையில் வருகுதில்லை. ரெலிபோனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறா என்று யோசிப்பாய். உன் அப்பா ரெலிபோனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறவர், அவருக்குத் தெரியாமல் உன்னோடு கதைக்க இந்த வீட்டில் ஓர் இடமில்லை. பக்கத்து வீட்டு வாகீசன் லீவு முடிந்து ரொறன்ரோ திரும்புகிறான், கடிதத்தை அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

அப்பா வீடியோவில் தொப்பியோடு வர நீ பகிடி பண்ணினாயே, அது புருவம் கொட்டினதை மறைக்கப் போட்டது. முதலில் வெறும் சொறிதான். பிறகு புருவம் போனது, தாடியில் திட்டுத் திட்டாய் மயிர் போனது, அந்த இடமெல்லாம் பரு மாதிரி முட்டுமுட்டாய்த் தடித்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பயம், வாயால் மட்டும் சொல்லவில்லை. புருவம் கொட்டி முகம் தடித்தால் எங்கள் சனம் குட்டம், தொழுநோய் என்றுதான் சொல்லும். உன் தங்கச்சி பிரசாந்திக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம், ஆஸ்பத்திரி வரிசையில் யாராவது கண்டால் பெட்டையின் கலியாணம் குழம்பிப்போகும் என்று வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டோம். குட்டம் என்றாலும் இந்தக் காலத்தில் குளிசை மருந்தோடு மாறுமாம், அந்தப் புத்தி எங்களுக்கு அப்போது இல்லை. சந்தையில் தேத்தண்ணிக் கடைக்காரன் மற்றத் தேங்காய் வியாபாரிகளுக்குக் கிளாசில் கொடுத்து, அவருக்கு மட்டும் பேப்பர் கோப்பையில் நீட்டினானாம். அதோடு சந்தைக்குப் போகிறதையும் விட்டார். கலியாணத்துக்கு நாள் வைத்த பிறகுதான் டொக்டரிடம் போனோம்.

தோலில் வெட்டி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பி மறுமொழி வந்தது. குட்டம் இல்லை. இரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்களில் ஒரு வகை தோலுக்குள் வந்து புற்றாகிற வருத்தமாம். அதுவே அரிதாம், அதிலும் மயிர்வேருக்குள் இறங்குகிற இந்த வகை இன்னும் அரிதாம். மேலோடு நிற்கிறது என்றால் ஒளிச் சிகிச்சைக்குக் கேட்குமாம், இது வேரோடு ஆழத்தில் நிற்பதால் வெளிச்சம் அவ்வளவு தூரம் போகாதாம், வேறு கடுமையான வைத்தியம் செய்யவேணும் என்றார். யாருக்கும் தொற்றாது என்றும் சொன்னார். இவ்வளவையும் கேட்டுவிட்டு அப்பா கேட்டது ஒன்றுதான், அப்ப இது குட்டம் இல்லைத்தானே டொக்டர் என்று. புற்றுநோய் என்று சொல்லக் கேட்டுச் சிரித்த மனிசனை நான் அன்றைக்குத்தான் கண்டேன். பஸ்சில் வீடு வருமட்டும் நான் அழுதேன், அவர் எனக்குக் கச்சான் கடலை வாங்கித் தந்தார்.

அந்தச் சிரிப்பும் நிலைக்கவில்லை. இப்போது கழுத்தில் கட்டி வந்திருக்கிறது. டொக்டர் தடவிப் பார்த்துவிட்டு, சிலர் கனகாலம் இருப்பார்கள், சிலருக்கு வேகமாய்ப் போகும் என்றார், இவர் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன், நல்ல சனம், கலியாணத்தைத் தள்ளிவைக்கவும் இல்லை. ஆனால் அப்பா மணவறைக்கு வரமாட்டாராம். என்ரை முகத்தை வீடியோக்காரன் எடுக்க, அது பிள்ளையின்ரை அல்பத்திலை காலம் முழுக்கக் கிடக்கோணுமோ என்கிறார். நீயும் வினோஜாவும் வந்து தாரை வார்ப்பீர்களாம், தான் அறைக்குள் இருந்து மேளத்தைக் கேட்பாராம். பிளேன் ரிக்கற் எடுத்தாயோ என்று உன்னை ஓயாமல் கேட்கிறது அதற்குத்தான். அப்பாவின்ரை கையாலை இல்லாட்டி எனக்கு இந்தக் கலியாணமே வேண்டாம் என்று பிரசாந்தி சோறு தின்னாமல் கிடந்தாள். கொண்ணை செந்தூரன் வாறான்தானே என்று சொல்லிவிட்டு அவர் அங்காலை திரும்பிப் படுத்தார்.

அதனால் கேட்கிறேன் மகன், நீ கலியாணத்துக்கு வராதே. தாரை வார்க்கச் சோடியாய் நிற்கவேணும், சோமசேகரம் சித்தப்பா சித்தியை இழந்தவர், அவர் நிற்க ஏலாது. உங்கள் இரண்டு பேரையும் விட்டால் வேறு ஆளில்லை. நீ வராவிட்டால் அப்பா என்னோடு வந்து நின்றுதான் ஆகவேணும், மகளை அந்தரிக்க விடமாட்டார். வந்து நின்றுகொண்டு மாட்டேன் என்று சொன்னால் போதாதோ என்று கேட்பாய். அப்பா கும்பிட்டுக் கேட்க, சபை நடுவில் ஐயர் கூப்பிட, நீ மாட்டேன் என்பாயோ? உன்னை எனக்குத் தெரியும். கலியாணம் முடிந்த பிறகு தைப்பொங்கலுக்கு வா. அதுவரைக்கும் அவர் இருப்பாரோ, இருந்தாலும் உன்னோடு கதைக்கிற நிலையில் இருப்பாரோ எனக்குத் தெரியாது. பிறகு நீ என்னைத் திட்டினால் கேட்டுக்கொள்வேன். சொந்த மகளின் கலியாணத்தில் அந்த மனிசன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதை மட்டும் என்னால் பார்க்க ஏலாது.

குளிருக்குள் தலையை மூடிக்கொண்டு போ. மாறாத சொறி ஏதும் வந்தால் எங்களைப்போல் மறைக்காமல் டொக்டரிடம் காட்டு. நீங்கள் இரண்டு பேரும் குறையில்லாமல் வாழவேணும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. இதை வாசித்ததும் கிழித்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது லீவு கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் நீயே சொல்லு. பக்கத்தில் இருந்து நான் அழுவேன், அதை நடிப்பு என்று நினைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
பாலேஸ்வரி