மூன்றாம் பேஸில் நின்ற சம்பந்தி

அன்புள்ள செல்லத்துக்கு,

அப்பா எழுதுகிறேன். என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் அன்றைக்கே தீர்த்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். உன் மாமனாரும் நானும் பேசிவிட்டோம். டிக்கெட் போடு. "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிற வரைக்கும் நாங்க ஊருக்கு வர்றதா இல்லப்பா, எந்த வீட்டுக்கு முதல்ல போனாலும் இன்னொரு வீடு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும்" என்று நீ போனில் சொன்னாயே, அன்றிலிருந்து உன் அம்மா எனக்குக் காபி கொடுப்பதை நிறுத்தவில்லை, ஆனால் டம்ளரை மேஜையில் வைக்கிற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இந்தச் சமாதானச் செய்தியையும் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அவள் நடுவில் புகுந்து வரிக்கு வரி திருத்துவாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, அவள் கண்ணில் படுவதற்குள் உறையை ஒட்டிவிடுவேன்.

நம் பேஸ்பால் அணியின் கதையை மாப்பிள்ளை ஒரு மாதிரி சொல்கிறார், நான் ஒரு மாதிரி சொல்கிறேன், எது நிஜம் என்று கேட்டிருந்தாய். அவர் சொல்வது அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்தது. இரண்டு சம்பந்திகள் இருந்தால் இரண்டு சரித்திரம் இருக்கத்தான் செய்யும், நிஜமானது என்னுடையது. நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய எலெக்ட்ரீஷியன் ஒரு மட்டையும் இரண்டு கையுறையும் பாதி விதிமுறைகளும் கொண்டுவந்தான். பல் டாக்டருக்குத் தொப்பை குறைய வேண்டும். எனக்குக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலியின் வடிவம் வந்துவிட்டது. உன் மாமனார் அப்போது சம்பந்தி இல்லை, வெறும் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். குடிநீர் ஆபீஸுக்குப் பின்னால் வண்டி பழக்குகிற மைதானம் அவருடையது, ஞாயிற்றுக்கிழமை அது சும்மா கிடக்கும். வளைவுகளுக்கு அடையாளமாக அங்கே பழைய டயர்கள் போட்டிருப்பார். அதில் நான்கை இழுத்துப் போட்டு, இதுதான் முதல் பேஸ், இது இரண்டாவது, இது மூன்றாவது, மட்டை பிடிக்கிறவன் நிற்கிற இது வீடு என்று வைத்துக்கொண்டோம். பந்தை அடித்துவிட்டு மூன்று டயரையும் சுற்றி வீட்டுக்கு வந்துசேர்ந்தால் ஒரு ரன், நமக்கு முன்னால் பந்து வந்துசேர்ந்தால் அவுட். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த ஆட்டம்.

இங்கேதான் நாங்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியம் செய்தோம். வண்டி பழகுகிறவர்களுக்காகத் தரையில் வெள்ளை அம்புக்குறி வரைந்திருந்ததா, நாங்களும் அம்பு காட்டிய பக்கமாகவே ஓடினோம். பேஸ்பாலில் எல்லோரும் வலது பக்கம் கிளம்பிச் சுற்றி வருவார்கள், நாங்கள் இடது பக்கம் கிளம்பினோம். ஒரு வருஷம் முழுக்க ஓடினோம். ஒருத்தனுக்கும் சந்தேகம் வரவில்லை, எல்லோருமே தப்பாக ஓடினால் எதிரே வந்து முட்ட ஆள் ஏது? குடிநீர் ஆபீஸ்காரர்கள் ஒரு அணி சேர்த்து எங்களோடு ஆட வந்த அன்றுதான் குட்டு உடைந்தது. எலெக்ட்ரீஷியன் அழகாக அடித்துவிட்டு இடது பக்கம் பாய்ந்தான். வலது பக்கம் பந்துக்குக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்த மீட்டர் ரீடர், "டேய், இவன் எங்கடா போறான், வீட்டுக்கா?" என்று கத்தினார். உன் மாமனார் நிதானமாகத் தரையைக் காட்டி, "அம்புக்குறி போட்டிருக்கோம்ல, இது ஒன்-வே சார்" என்றார். எதிரணி சிரித்த சிரிப்பில் அன்றைக்கு ஆட்டமே நடக்கவில்லை. அன்றோடு நமக்கு 'ரிவர்ஸ் கியர்' என்று பெயர் விழுந்தது, நாங்களும் வெட்கப்படாமல் அதையே சட்டையில் தைத்துக்கொண்டோம். பிறகு சரியான பக்கம் ஓடப் பழகினோம், ஆனாலும் பல் டாக்டர் பதற்றத்தில் இன்றைக்கும் ஒரு அடி இடது பக்கம் வைத்துவிட்டுத்தான் திரும்புவார். அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். நீ எனக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவருகிற சாக்கில் வருவாய், மாப்பிள்ளை தன் அப்பாவை வண்டியில் கூட்டிப்போகிற சாக்கில் வருவார். என் தாகம் தீர்ந்த பிறகும் நீ ஏன் கிளம்பவில்லை என்று யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை. உன் அம்மாவுக்கு இருந்தது.

இனி சண்டை விஷயம். நம் ஊர் ஆட்டத்தில் தனியாக அம்பயர் கிடையாது, மட்டை பிடிக்கிற அணி தன் ஆளில் ஒருவரை நிறுத்த வேண்டும். போன சீசனின் கடைசி ஆட்டத்தில் உன் மாமனார் நின்றார். நான் வீட்டு டயரைப் பார்த்து வயிற்றால் சறுக்கி வந்தேன், பந்தும் வந்தது. "அவுட்" என்றார். சொந்த அணிக்காரன், பெண் கொடுத்த சம்பந்தி, புதுச் சட்டை கிழிந்து கிடக்கிறேன், கொஞ்சம்கூடத் தாட்சண்யம் இல்லை. என் நாக்கு சும்மா இருக்கவில்லை. "நாளைக்குக் கடைக்கு வாங்க சம்பந்தி, உங்களுக்கு ஓசியிலேயே ஒரு கண்ணாடி மாட்டி விடுறேன்" என்றேன். மைதானமே சிரித்தது. நானும் பெரிய வெற்றி பெற்றவன் மாதிரி மண்ணைத் தட்டிக்கொண்டு போனேன். மறுநாள் ஒரு அம்மா தன் பெண்ணை டிரைவிங் ஸ்கூலிலிருந்து நிறுத்திவிட்டார், "கண்ணாடிக் கடைக்காரரே சொல்லிட்டார், மாஸ்டருக்குக் கண்ணு சரியில்லையாம்" என்று. வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு அதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்? அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேராகப் போய்க் குடிநீர் ஆபீஸ் அணியில் சேர்ந்துவிட்டார். இரண்டு தடவை அவர் டிரைவிங் ஸ்கூல் வாசல் வரை போனேன், உள்ளே பாடம் நடக்கிற சத்தம் கேட்டதும் பக்கத்துக் கடையில் சவரம் செய்துகொண்டு திரும்பிவிட்டேன். ஒரே வாரத்தில் இரண்டு சவரம், உன் அம்மா சந்தேகமாகப் பார்த்தாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மைதானம் அவருடையது, பூட்டிப் போட்டிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் போகும்போது கேட் திறந்திருக்கும், டயர் நான்கும் அதனதன் இடத்தில் கிடக்கும். ஆள்தான் இருக்கமாட்டார்.

போன ஞாயிறு குடிநீர் ஆபீஸோடு ஆட்டம். அவர்கள் பக்கம் ஒரு குழாய் ஃபிட்டருக்குக் காய்ச்சல், ஒரு ஆள் குறைகிறது. எந்த அணிக்கு ஆள் குறைந்தாலும் எதிரணி தன் மட்டை வரிசையில் கடைசி ஆளைக் கடன் கொடுக்க வேண்டும், அவனும் ஒழுங்காக ஆட வேண்டும், இது எங்கள் இரண்டு அணிக்கும் ஆதி நாளிலிருந்து இருக்கிற வழக்கம். நம் அணியில் கடைசி ஆள் யார் என்று நீ கேட்கமாட்டாய். பல் டாக்டர் என் தோளைத் தட்டி, "போய்ட்டு வாங்க, நீங்க அந்தப் பக்கம் ஆடினா நமக்குத்தான் லாபம்" என்று வழியனுப்பினார். ஃபிட்டரின் சட்டை எனக்குத் தொப்புள் வரைதான் வந்தது. சம்பந்தி என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். கடைசி இன்னிங்ஸில் இரண்டு பக்கமும் சமம். நான் எப்படியோ அடித்து, எப்படியோ இரண்டாம் பேஸில் நிற்கிறேன். அடுத்து வந்த மீட்டர் ரீடர் ஓங்கி ஒன்று விட்டார், நான் தலைதெறிக்க ஓடுகிறேன், பந்து என் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ. ஓடுகிறவனுக்குப் பந்து தெரியாது, அதனால் மூன்றாம் பேஸ் பக்கத்தில் அணிக்காரர் ஒருவர் நின்று போ, நில் என்று சொல்ல வேண்டும். நின்றது யார் தெரியுமா? கை இரண்டையும் தூக்கிக்கொண்டு, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். "நில்லுங்க சம்பந்தி! நில்லுங்க!"

உன் அப்பாவை உனக்குத் தெரியும். யாராவது நில் என்றால் நின்று எனக்குப் பழக்கமே இல்லை. வீடு எதிரே தெரிகிறது, ஓடினால் தொட்டுவிடலாம் என்று கால் சொல்கிறது. அவர் முகத்தைப் பார்த்தேன். நின்றேன். டயரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், பந்து வீட்டு டயரருகே கேட்சராக நின்ற பல் டாக்டரின் கையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது, என்னைக் கசாப்புப் போடத் தயாராக. என் கண்ணுக்குத் தெரியாதது அத்தனையும் அவர் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. மைதானத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அன்று சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். எனக்கு மூச்சு வாங்கியது, இருந்தாலும் வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன், "நல்ல வேளை சம்பந்தி, உங்க கண்ணு பார்த்துச்சு, நான் தப்பிச்சேன்." அவர் குனிந்து என் முழங்காலைப் பார்த்தார். "முட்டி எப்படி இருக்கு?" என்றார். "இருக்கு" என்றேன். "இருக்கட்டும், அடுத்த அடிக்கு நான் சொன்ன பிறகு கிளம்புங்க" என்றார். அடுத்த ஆள் அடித்த அடி வேலியைத் தாண்டியது. "இப்ப போங்க, நடந்தே போங்க" என்றார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்தே வீடு போய்ச் சேர்ந்தேன். ஜெயித்தது குடிநீர் ஆபீஸ், ஜெயித்துக் கொடுத்தது நான். இப்போது நம் அணியில் என்னோடு ஒருத்தனும் பேசுவதில்லை. என் கடைவாய்ப் பல்லை மரத்துப்போகிற ஊசி இல்லாமலேயே பிடுங்குவதாகப் பல் டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒரு சண்டையைத் தீர்த்துப் பத்துச் சண்டை வாங்கியிருக்கிறேன், ஆனாலும் அன்று நான் தூங்கிய தூக்கத்தை உன் அம்மா இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், குறட்டை உட்பட. நின்றுபோன அந்தப் பெண்ணும் திரும்ப வண்டி பழக வந்துவிட்டாளாம், உன் மாமியார் சொன்னதாக உன் அம்மா சொன்னாள். நாங்கள் பேசாத நாட்களிலெல்லாம் இந்த இரண்டு பேரும் தினமும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், எங்களுக்குத்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எந்த வீட்டுக்கு முதலில் என்று நேற்று அவரும் நானும் ஆசை தீரக் கத்திச் சண்டை போட்டோம், மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. விமான நிலையத்துக்கு இரண்டு பேருமே வருகிறோம். வண்டி டிரைவிங் ஸ்கூல் வண்டிதான், ஓட்டப்போவது நான். என் லைசென்ஸ் அவர் வாங்கிக்கொடுத்தது என்றாலும் இன்றுவரை அவருக்கு என் மேல் நம்பிக்கை இல்லை, அதனால் பக்கத்து சீட்டில் அவர்தான் உட்காருவாராம். நீ பயப்படாமல் பின்னால் உட்கார்ந்து வா, அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனசு கலங்காமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட் போட்டதும் தேதியை முதலில் எனக்குச் சொல், அப்புறம் உன் மாமனாருக்கு. அவரும் மாப்பிள்ளைக்கு இதையே திருப்பிப்போட்டு எழுதியிருப்பார், கண்டுகொள்ளாதே.

இப்படிக்கு,
இப்போதைக்கு இரண்டு அணியிலும் இடமில்லாத
உன் அப்பா