மொனகெத்திப் படிக்கட்டில் ஒரு கூல் பொக்ஸ்

தோழி, நேற்று நிலக்கீழ் அறையை ஒதுக்கும்போது உன் நீலக் கூல் பொக்ஸ் அகப்பட்டது. மூடியைத் திறந்தேன். ஐயோ, எத்தனை தரம் கழுவியிருப்போம், இன்னும் மீன் பொரியல் மணக்கிறது! இங்கே டென்மார்க்கில், ஒடென்சேயில் வெளியே மழை. வேலையை விட்டுவிட்டு, பழைய சைக்கிளுக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டேன்.

வைத்தியத்தின் முதற்கட்டம் முடிந்து, உனக்குத் தலைமயிர் குட்டையாக முளைத்திருந்த கோடைகாலம் அது. "தங்கச்சியைப் பாக்கப் போறன், நீயும் வா" என்றாய். உன் தங்கை மொனாக்கோவில், மொனகெத்தி என்ற மலைச்சரிவுக் குடியிருப்பில், ஒரு வயதான சீமாட்டியை வீட்டோடு தங்கிப் பராமரித்துக்கொண்டிருந்தாள். அவள் விரும்பியவனை நீ வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து உங்கள் இருவருக்கும் கதை பேச்சில்லை.

"போன் எடுத்துச் சொல்லிப்போட்டுப் போவம்" என்றேன்.

"உனக்கென்ன விசரே? சொன்னா வராதை எண்டுவாள். வாசலிலை போய் நிண்டா என்ன செய்வாள்?"

சொந்தக்காரர் வீட்டுக்குச் சொல்லாமல் போவதும், போகும்போது ஒரு கலியாணத்துக்குக் காணுமளவு சாப்பாடு கட்டிக்கொண்டு போவதும் எங்கள் ஆட்களின் பிறவிக் குணம். மீன் பொரியல், றோல்ஸ், இடிச்ச சம்பல் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஏறின. ஜேர்மனி முழுக்க நீ கார் ஓட்டினாய். உனக்கு நித்திரை வந்துவிடாமல் கதைத்துக்கொண்டிருந்தது நான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் காரை விட்டுவிட்டு, ஆளுக்கொரு பிடியாகப் பெட்டியைத் தூக்கிப் படியேறினோம். தட்டையான டென்மார்க்கில் பழகிய கால்கள்! மலைக்குள்ளேயே லிப்ட் இருக்கிறதென்று எங்களுக்கு யார் சொன்னது? நீ மூச்சு இளைத்து இளைத்து நின்றாய், கீழே கிடந்த உல்லாசப் படகுகளைப் பார்த்து ஏசினாய். "இவ்வளவு பணக்காரர் இருக்கிற ஊரிலை குந்த ஒரு வாங்கு போட்டாக் குறைஞ்சு போவாங்களே!"

சீமாட்டியின் கட்டடத்துக் காவலாளி உள்ளே விடவில்லை. வாசற்படியில் பெட்டியோடு உட்கார்ந்தோம். பார்க்கும் இடமெல்லாம் கமரா உள்ள ஊர் அது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பொலிஸ்காரர் வந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டார்கள். நீ டெனிஷில் பதில் சொன்னாய். அதுவும் எடுபடாமல் போக, பெட்டியைத் திறந்து, "சாப்பிடுங்கோ தம்பி" என்று தமிழில் றோல்ஸை நீட்டினாய். நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். அவர்களில் இளையவன் சிரித்துக்கொண்டே ஒன்றை வாங்கிக் கடித்தான்.

அப்போதுதான் உன் தங்கை சீமாட்டியின் கையைப் பிடித்தபடி சந்தையிலிருந்து வந்தாள். நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய். அவள் பொலிசாருக்கு மளமளவென்று பிரெஞ்சில் விளக்கி அனுப்பிவிட்டு உன் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்களுக்கு அறிவில்லையே? வருத்தக்காரி, மருந்தெடுக்கிற உடம்போடை ஏன் படியிலை ஏறினனீங்கள்?"

"வருத்தமெண்டு தெரிஞ்சும் ஒரு போன் எடுக்கேல்லையே நீ?"

"நீங்கள் எடுப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

பிறகு கேட்க வேண்டுமா? படியிலேயே இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதீர்கள். பாவம் சீமாட்டி, ஒன்றும் விளங்காமல் இருவரின் முதுகையும் தடவிக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் அவருடைய மேசையில் கடலைப் பார்த்துக்கொண்டு சம்பலோடு சாப்பிட்டோம். அவருக்குச் சம்பல் உறைத்துக் கண்ணீர் வந்தது, ஆனால் தட்டைத் தள்ளவில்லை. அதற்குப் பிறகு உன் கடைசி நாள்வரை ஞாயிறு தவறாமல் போனில் தங்கையை ஏசினாய். அவளும் சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தச் சந்தோசத்தை உன் முகத்தில் பார்க்க எனக்குக் கொடுத்து வைத்தது.

உன் செத்தவீடு முடிந்து திரும்பிப் போனவள் அடுத்த ஞாயிறு எனக்குப் போன் எடுத்தாள். "சாப்பிட்டியோ? ஏன் குரல் அடைச்சிருக்கு? குளிருக்குள்ளை திரிஞ்சியோ?" என்று என் வாய் தானாகவே ஏசியது. அன்றிலிருந்து வாராவாரம் எடுக்கிறாள். போன கிழமை எனக்குச் சரியான அலுப்பு, ஓம் ஓம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். வைக்கப்போனவள் கேட்டாள்.

"என்னக்கா, இண்டைக்கு ஏசேல்லையே?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, உனக்கும் சேர்த்து நல்லாய் ஏசினேன்.